நற்செய்தி ராப் இசையும் திருச்சபையின் புலம்பலும்

முன்னுரை

வடசென்னையின் மணலிப் பகுதியில், கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நாடிச் செல்லும் தாழ்நிலத்தில் அமைந்துள்ள சிற்றூர் சடையங்குப்பம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் அதுவும் ஒன்று. சுற்றிலும் எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், வேதிப்பொருள் ஆகியவற்றின் ஆலைகள். சற்று அப்பால் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த சதுப்பு நிலம். இவற்றினிடையே மக்கள் வாழ்கின்றனர். ஆறு பெருகும் ஆண்டுகளில் வெள்ளம் இப்பகுதியை முதலில் தேடி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் பரவியபோது, மீனவர்கள் வாளிகளாலும் வெறுங்கைகளாலும் அதனை அள்ளினர். அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயொன்றிலிருந்து அம்மோனியா கசியவே, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர்.

இத்தகைய ஊரொன்றில் பணியாற்றும் ஆயர், ஞாயிறு ஆராதனையில் 69-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தளவு நீரில் நின்று, கால் ஊன்ற இடமில்லாத சேற்றிலிருந்து கடவுளை நோக்கிக் கூவும் ஒருவனின் மன்றாட்டு அது. சடையங்குப்பத்தாருக்கு இதற்கு விரிவுரை வேண்டுவதில்லை. ஆனால் வாசிப்பு முடிந்தபின் எந்தப் பாட்டைப் பாடுவது? நம் பாமாலைகளிலும் கீர்த்தனைகளிலும் பாவத் துயரைப் பாடும் பாடல்கள் உண்டு. மரண வேளைக்குரிய பாடல்களும் உண்டு. பாழான ஆற்றைப் பற்றியும், மீனற்ற வலையைப் பற்றியும் கடவுளிடம் முறையிடும் பாடல் அரிது.

இந்த வெற்றிடத்தில்தான், நற்செய்தியை ராப் இசையில் பாடலாமா என்னும் இளைஞரின் கேள்வி வந்து நிற்கிறது. சிலர் இதனை உலகத்தின் ஆரவாரம் என்று தள்ளிவிடுகின்றனர். வேறு சிலரோ இளைஞரை ஆலயத்துக்கு இழுக்கும் தூண்டில் என்று ஏற்கின்றனர். இவ்விரு விடைகளும் கேள்வியின் ஆழத்தைத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. நற்செய்தி ராப் இசைத்தொகுப்பு ஒன்றின் செய்தியை ஆராய்ந்து, அது நம் மண்ணிலுள்ள திருச்சபைக்கு என்ன உணர்த்துகிறது என்று இங்குக் காண்போம்.

1. ராப் என்பது யாது?

ராப் என்பது தாளத்தின்மீது சொல்லை ஏற்றிப் பேசும் பாட்டு. இதில் இராகம் பின்னணியில் நிற்க, சொல்லே முன் நிற்கிறது. அடி ஈற்றில் இயைபும் அடிக்குள் எதுகை மோனைகளும் அடுக்கி வர, பாடுவோன் தன் ஊரை, தன் தெருவை, தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கிறான். தெருக்கூத்தின் கட்டியங்காரனையும் வில்லுப்பாட்டையும் அறிந்த தமிழருக்கு, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட இவ்வடிவம் முற்றிலும் அந்நியமன்று.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பார் நடத்திய விருந்தொன்றை இவ்விசை மரபின் தொடக்கமாகக் குறிப்பது வழக்கம். நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, வேலையும் வசதியும் அற்றுப்போன பகுதி அது. இசைக்கருவி வாங்க இயலாத இளைஞர் இசைத்தட்டுகளையே கருவியாக்கினர். மேடையற்றோர் தெருவையே மேடையாக்கினர். ஆகவே பிறப்பிலேயே இது, தம் குரலை யாரும் கேளாத மக்களின் குரலாயிற்று. பின்னர் வணிகம் இதனைக் கைப்பற்றிப் பொன்னையும் போதையையும் பெண்ணிழிவையும் பாட வைத்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

2. தெருவின் இசை ஆலயத்துக்குள் வருதல்

தெருவின் இசை ஆலய வாசலில் நின்று தட்டுவது புதிய செய்தியன்று. இவ்விடத்தில் லுத்தர் மதுக்கடைப் பாடல்களை ஞானப்பாடல்களாக்கினார் என்று சொல்வது வழக்கம். இது மிகைக்கூற்று. அவர் தம் கிறிஸ்து பிறப்புப் பாடலொன்றை உலகியல் பாடலின் மெட்டில் 1535-இல் அமைத்தது உண்மையே; எனினும் 1539-இல் அம்மெட்டை நீக்கிப் புதிய மெட்டை அமைத்தார்.

இன்னும் பொருத்தமான சான்று தாமஸ் டார்சியின் வாழ்வு (1899–1993). அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசையாகிய புளூஸ் இசையில் பியானோ வாசித்துப் புகழ்பெற்றவர் அவர். அந்த இசையைத் திருச்சபைக்குள் கொண்டுவர முயன்றபோது பல ஆலயங்கள் அவருக்குக் கதவடைத்தன. 1932-இல் அவர் மனைவி மகப்பேற்றில் இறந்தார். பிறந்த குழந்தையும் உடன் இறந்தது. அத்துயரத்தில் அவர் இயற்றிய பாடல் உலகெங்கும் இறுதிச் சடங்குகளில் பாடப்படுகிறது. இன்று நற்செய்தி இசை என்று நாம் அழைக்கும் மரபின் தந்தையாக அவர் போற்றப்படுகிறார். புளூஸ் இசை ஆலயத்துக்குள் வந்தபோது தாளம் மட்டும் வரவில்லை. ஒரு மக்களின் கண்ணீரும் உடன் வந்தது.

ராப் இசையிலும் இதுவே நிகழ்ந்தது. 1985-இல் ஸ்டீபன் வைலி 'பைபிள் பிரேக்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இத்துறையின் முன்னோடித் தொகுப்பு அது. அதன் தலைப்புப் பாடல் திருமறை நூல்களின் பெயர்களைத் தாளத்தில் அடுக்கிச் சொல்வது. ஞாயிறு பள்ளிக்கு உகந்த கருவி என்ற அளவில் அது பயனுடையதே. ஆனால் அங்கு வடிவம் செய்தியைச் சுமக்கும் பாத்திரம் மட்டுமே. அப்பாத்திரத்தைப் படைத்த மக்களின் வாழ்வு செய்திக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

3. 'அனாமலி': ஓர் இசைத்தொகுப்பின் செய்தி

1979-இல் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர் லெக்ரே மூர். தந்தையின் துணையின்றி வளர்ந்தவர். 2004-இல் அவர் நண்பரோடு சேர்ந்து ஓர் இசைவெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் தோழர்களும் தம் குழுவுக்கு 116 என்னும் எண்ணைப் பெயராக்கினர். நற்செய்தியைக் குறித்து வெட்கப்படாமையைப் பேசும் ரோமர் 1:16-ஐ அது குறிக்கும். 2014 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய 'அனாமலி', அமெரிக்காவின் பொதுவான விற்பனைப் பட்டியலிலும் நற்செய்தி இசைப் பட்டியலிலும் ஒரே வேளையில் முதலிடம் பெற்றது. இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. தலைப்பின் பொருள், 'வழக்கத்துக்குப் பொருந்தாதது' என்பதாகும்.

பதினைந்து பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பை ஓர் இறையியல் மாணவர் கூர்ந்து கேட்பாராயின், அதில் நான்கு படிகளைக் காணலாம்.

முதலாவது, அந்நியத் தன்மை. தொடக்கப் பாடல் தன்னை 'வெளியாள்' என்று அறிமுகம் செய்கிறது. இவ்வுலகில் அந்நியரும் பரதேசிகளுமாய் வாழ்தல் (எபி. 11:13) என்னும் திருமறைக் கருத்து, சமுதாயத்தின் விளிம்பில் தள்ளப்பட்டவனின் அனுபவத்தோடு இங்கு இணைகிறது.

இரண்டாவது, தன் பாவத்தை அறிக்கையிடுதல். தொகுப்பின் இறுதிப் பகுதியிலுள்ள பாடலொன்றில், மணமாகுமுன் தன்னால் கருவுற்ற பெண்ணைக் கருக்கலைப்புக்கு உட்படுத்தியதை அவர் மறைக்காது சொல்கிறார். சிறுவயதில் தனக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையையும் அதே பாடலில் வெளியிடுகிறார். தற்பெருமையே இலக்கணமாகிவிட்ட ஓர் இசைவடிவில், தான் செய்த தீங்கையும் தான் பட்ட காயத்தையும் ஒருவன் இவ்வாறு திறந்து வைப்பது அவ்வடிவத்தையே மனந்திரும்பச் செய்வதாகும்.

மூன்றாவது, சமுதாயத்தின் பாவத்தைப் பெயர் சொல்லி அழைத்தல். இரண்டாம் பாடல் அமெரிக்காவை மூவர் கண்வழி நோக்குகிறது. வறுமையில் உழலும் கறுப்பின இளைஞன் ஒருவன். போர் கண்டு திரும்பிய படைவீரன் ஒருவன். அந்நாட்டில் நுழைய ஏங்கும் அயல்நாட்டான் ஒருவன். வேறொரு பாடல் இனப்பாகுபாட்டை அழுக்கு நீராக உருவகித்து, திருச்சபையும் அந்நீரைக் குடித்துள்ளதைச் சுட்டுகிறது.

நான்காவது, அனுப்பப்படுதல். இறுதிப் பாடலின் தலைப்பு 'தூதர்கள்' என்பதாகும். 2015-இல் கிராமி விருது பெற்ற பாடல் இது.

இந்நான்கையும் சேர்த்துக் காணும்போது ஏசாயா 6-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. தீர்க்கன் தன் உதடுகள் அசுத்தமானவை என்று அறிக்கையிடுகிறான். அதே மூச்சில், அசுத்த உதடுகளுள்ள மக்கள் நடுவே தான் வாழ்வதாகவும் அறிக்கையிடுகிறான் (6:5). தணல் உதட்டைத் தொட்டபின்னரே அனுப்பப்படுதல் நிகழ்கிறது (6:8). 'நான்' என்பதும் 'என் மக்கள்' என்பதும் ஒரே அறிக்கையின் இரு பாதிகள். இவற்றைப் பிரிக்காமல் வைத்திருப்பதே 'அனாமலி'யின் ஆவிக்குரிய செய்தி எனலாம்.

4. பாராட்டியோர் பின்வாங்குதல்

இனி நிகழ்ந்தது ஆயர்களாகிய நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. தொகுப்பு வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2014 ஆகஸ்ட் 9 அன்று, பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். லெக்ரே அதனைக் குறித்து வெளிப்படையாக எழுதினார். அவருடைய கேட்போருள் பெரும்பகுதியினர் வெள்ளையினச் சுவிசேஷகர். தனிமனித மீட்பைப் பாடியபோது அவரைக் கொண்டாடிய பலர், தன் இனத்தாரின் துயரத்தைச் சொன்னபோது முகம் சுளித்தனர். 'சுவிசேஷத்தை மட்டும் சொல்' என்றனர். 2016 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், அடிமைகள் பருத்தி வயலில் நிற்கும் படத்தைத் தன் முன்னோரின் நிலையாக அவர் வெளியிட்டபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது. 2017-இல், வெள்ளையினச் சுவிசேஷக வட்டத்திலிருந்து தான் விலகுவதாக அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

அவர்கள் மறுத்தது ராப் இசையையன்று. தாளத்தையும் உடையையும் நடையையும் அவர்கள் முன்னரே ஏற்றிருந்தனர். அவர்களால் ஏற்க இயலாதது ஏசாயாவின் அறிக்கையில் இரண்டாம் பாதியையே. ஆகவே ஒரு திருச்சபை புதிய இசைவடிவை ஏற்றுக்கொள்வதால் மட்டும் அவ்விசைக்குரிய மக்களை ஏற்றுக்கொண்டதாகாது.

5. நம் மண்ணில் இக்கேள்வி

அமெரிக்கத் திருச்சபையின் குறையைச் சுட்டி நாம் ஆறுதல் அடைய இயலாது. நம் வரலாற்றிலும் இதே பிளவு உண்டு.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவர். கோயில்களையும் அரசவையையும் சார்ந்து வழங்கிய குறவஞ்சி வடிவத்தை எடுத்து, கிறிஸ்துவை நாயகனாகவும் திருச்சபையை நாயகியாகவும் வைத்துப் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம் முதலிய எளியோர் வடிவங்களையும் அவர் நற்செய்திக்கு ஆக்கினார். தமிழிசையை விரும்பாத மிஷனரிமாரை அவர் துணிந்து எதிர்த்தார். இவ்வகையில் நாமனைவரும் அவருக்குக் கடன்பட்டுள்ளோம். எனினும் அதே சாஸ்திரியார், ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்ற மிஷனரிமாரையும் எதிர்த்து 1829-இல் எழுதினார். குறவஞ்சியின் குறத்திக்குப் பாட்டில் இடம் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோருக்குப் பந்தியில் இடம் கிடைப்பது தடைபட்டது.

இப்பிளவை இறையியலாகவே எதிர்கொண்டவர் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மாணவரால் 'பரட்டை அண்ணன்' என்று அன்புடன் அழைக்கப்பட்டவர். நாட்டுப்புற வழக்காறு சமுதாய மாற்றத்துக்குரிய கருவி என்பதை 1986-இல் நூலாக வெளியிட்டார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையொன்றையும் அமைத்தார். பாமரர் பாடலை யாரும் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம். ஆதலால் அது மக்களின் உடைமை என்பது அவர் கொள்கை. 'ஒரே உலை' என்பது அவர் அடிக்கடி வலியுறுத்திய கருத்து. அனைவரும் ஒரே உலையில் பொங்கி, ஒன்றாய் அமர்ந்து உண்பதே இறையாட்சியின் அடையாளம், திருவிருந்தும் அதுவே. இசையும் பந்தியும் அவரிடத்தில் பிரியவில்லை.

அப்பாவு கிராமத்தின் இசையை நாடினார். நகரத்து உழைக்கும் மக்களிடமோ, குறிப்பாக இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி ஆகிய வடசென்னைப் பகுதிகளில், கானா வாழ்கிறது. துறைமுகத்திலும் தெருவிலும் உழைத்தோரின் பாட்டு அது. சாவு வீட்டில் இரவு முழுதும் விழித்திருப்போரிடையே இறந்தவரின் வாழ்வைச் சொல்லி, எஞ்சியோரைத் தேற்றும் மரண கானா அதன் உயிர்ப்பகுதியாகும். கானாவும் ராப்பும் உறவினர் என்பதைத் திரையிசை 1994-இலேயே 'பேட்டை ராப்' பாடலில் உணர்ந்துகொண்டது. 2018-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக்கொடுமையைப் பாடியது. அக்குழுவில் பாடிய அறிவு, 2019-இல் 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதற்குமுன், 2017 ஜனவரியில், கபேர் வாசுகி எழுத டி. எம். கிருஷ்ணா பாடிய 'பொறம்போக்கு' பாடல், எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் செவ்வியல் இசையில் நாடறியச் செய்தது.

இவை யாவும் திருச்சபைக்கு வெளியே எழுந்த குரல்கள். கழிமுகத்தின் கரையிலேயே ஆலயங்களைக் கொண்டுள்ள நாம், அதற்காக ஒரு புலம்பலை இயற்றினோமா என்று வெட்கத்தோடு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. புலம்பலுக்குத் திருமறையின் சாட்சி

சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். புலம்பலைக் கைவிட்ட திருச்சபை, கடவுளிடம் நீதியைக் குறித்துக் கேள்வி எழுப்பும் உரிமையையும் இழந்துவிடுகிறது என்பதை வால்டர் புரூகமன் 1986-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். துதி மட்டுமே பாடத் தெரிந்த சபையில், துயருறுவோன் தன் துயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர நேர்கிறது.

மரண கானாவை இழிவென எண்ணுவோர் எரேமியா 9:17-20-ஐ வாசித்தல் நலம். அங்குக் கடவுளே புலம்பல் பாடத் தேர்ந்த பெண்களை அழைத்து வரச் சொல்கிறார். அவர்கள் தம் மகள்களுக்கும் அதனைக் கற்பிக்க வேண்டுமென்று பணிக்கிறார். ஒப்பாரி இங்கு இறைக்கட்டளையாகிறது. ஓசியா 4:1-3, மக்களின் பொய்யாலும் கொடுமையாலும் தேசம் புலம்புவதையும் கடலின் மீன்களும் மாண்டுபோவதையும் சொல்கிறது. எண்ணூர் மீனவர் எவருக்கும் இது உவமையன்று. ரோமர் 8:22-26-இலோ படைப்பு பெருமூச்சு விடுகிறது. விசுவாசிகள் பெருமூச்சு விடுகின்றனர். ஆவியானவரும் பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறார். படைப்பின் புலம்பலோடு தம்மை இணைத்துக்கொள்ளும் ஆவியானவருக்கு, குப்பத்துக் குரல் அந்நியமாய் இருக்க இயலாது.

7. ஆயர்களின் சிந்தனைக்குச் சில

முதலாவதாக, கேட்பது பாடுவதற்கு முந்தியது. அமெரிக்க நடையைப் போலி செய்து 'இளைஞர் ஆராதனை' நடத்துவதைவிட, நம் சபை எல்லைக்குள் நிகழும் துக்க வீடுகளில் இரவு தங்கி, மக்கள் எவ்வாறு அழுகின்றனர் என்று கேட்பது பயன் தரும்.

இரண்டாவதாக, சங்கீதப் புலம்பலின் அமைப்பு இளைஞருக்கு நல்ல இலக்கணமாகும். கடவுளை அழைத்தல், துயரை உரைத்தல், விண்ணப்பம் செய்தல், நம்பிக்கையை அறிக்கையிடல், துதிக்க வாக்களித்தல் என்னும் இவ்வரிசையில் அவர்கள் தம் ஊர்ச் சொற்களைக் கொண்டே எழுதட்டும். வலை, சாம்பல், எண்ணெய், இறால் ஆகிய சொற்கள் ஆராதனையில் ஒலிப்பது குறையன்று. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிவதை நினைவிற்கொண்டு, எல்லாப் பாட்டையும் அவசரமாக அல்லேலூயாவில் முடிக்குமாறு வற்புறுத்தாதிருப்போம்.

மூன்றாவதாக, பகுத்தறிதல் வேண்டும். பெண்களை இழிவுபடுத்தும் சொல், தற்பெருமை, பழிவாங்கும் வெறி ஆகியவை ராப்பிலும் கானாவிலும் ஒட்டிக்கொண்டுள்ளன. பாடுவோன் 'என் மக்கள்' என்று பிறர் பாவத்தைச் சொல்லுமுன் 'நான்' என்று தன் பாவத்தையும் சொல்கிறானா என்று நோக்குவோம். 'நான்' என்பதோடு நின்றுவிடும்படி அவனைத் தடுக்கிறோமா என்று நம்மையும் சோதித்தறிவோம்.

நான்காவதாக, இப்பாடலுக்கு ஆராதனை ஒழுங்கில் உரிய இடம் தருவோம். கன்வென்ஷன் மேடையில் காட்சிப் பொருளாக்காமல், பாவ அறிக்கைக்கும் பரிந்துரை மன்றாட்டுக்கும் இடையே அதனை வைத்து, அதன் பல்லவியைச் சபை முழுவதும் பாடலாம். ஒருவன் அழ மற்றோர் வேடிக்கை பார்ப்பது ஆராதனையாகாது.

முடிவுரை

ஆமோஸ் தீர்க்கன் வாயிலாகக் கடவுள் இஸ்ரவேலின் பாடல்களின் இரைச்சலை அகற்றச் சொன்னபோது (5:23-24), அவர் குறை கண்டது மெட்டிலன்று. நியாயம் நீரைப்போல் ஓடாத நாட்டில் பாட்டு மட்டும் ஓடியதிலேயே குறை கண்டார். நற்செய்தி ராப் இசையைக் குறித்த நம் தீர்மானமும் அங்கேயே சோதிக்கப்படும். சடையங்குப்பத்து இளைஞன் ஒருவன் நாளை தன் பாட்டைக் கொண்டு ஆலய வாசலில் நிற்கும்போது, 'இந்த மேளம் ஆலயத்துக்குத் தகுமா?' என்பது நம் முதற்கேள்வியாக இருக்கலாகாது. அவன் துயரத்தை நம் மன்றாட்டாக ஏற்கவும், அவனோடு ஒரே பாத்திரத்தில் பருகவும், அவன் ஆற்றுக்காக அவனோடு வழக்காடவும் நாம் ஆயத்தமா என்பதே கேள்வி. அவ்வாயத்தம் நம்மிடம் இல்லையெனில், பாமாலையும் கீர்த்தனையும் ராப்பும் அவர் செவிக்கு ஒரே இரைச்சல்தான்.